ஒரு விலங்கு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? பரவல் வரைபடத்தை விசாரிக்கும் முறை

பள்ளியில் புவியியல் எடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளும் என் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே அட்டையில் வெட்டிய கண்டங்கள். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்து, தென்கண்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானா செய்வார்கள். பிறகு மெல்ல நகர்த்திப் பிரிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் மடகாஸ்கர் தொலைந்துபோகும். சின்னத் துண்டு, பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும். நான் இன்னொன்று வெட்டி வைப்பேன்.

அந்த டப்பாவை வைத்துக்கொண்டு நான் அடித்துச் சொன்ன கதைகளில் ஒன்று தவறு என்று பிற்பாடு தெரிந்தது. எது என்பதைக் கீழே சொல்கிறேன். அதில் பட்ட பிறகு கைக்கு வந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏதாவது ஓர் உயிரினத்தின் வரைபடத்தை எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது, அங்கே ஏன் இல்லை என்று நீங்களே விசாரிக்கலாம். விலங்கியல் பட்டம் வேண்டாம். இணையமும் ஒரு பென்சிலும் ஒரு சாயங்காலமும் போதும்.

முதலில் வரைபடத்தைச் சுத்தம் செய்யுங்கள்

ஜிபிஃப் என்ற இலவசத் தரவுத்தளத்தில் உயிரினத்தின் அறிவியல் பெயரைக் கொடுத்தால், உலகம் முழுக்க அது பதிவான இடங்கள் புள்ளிகளாக வந்து விழும். அவற்றை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவின் நடுக்கடலில் ஒரு புள்ளி தனியாக நிற்கிறதா? அது அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. யாரோ இடத்தை நிரப்பாமல் விட்டதால் கணினி அங்கே கொண்டுபோய் வைத்தது. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அங்கே ஏதோ தீவு இருக்கிறது என்று அரைமணி நேரம் தேடினேன்.

உயிரியல் பூங்கா, தாவரவியல் பூங்கா பதிவுகளையும் நீக்குங்கள். மனிதர்கள் கொண்டுபோய் விட்டவற்றையும் கழியுங்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இன்று ஒட்டகங்கள் கூட்டமாகத் திரிகின்றன. அவை 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. கண்டம் நகர்ந்ததற்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம், ஓர் இனத்தை மட்டும் எடுக்காமல் அதன் குடும்பத்தை எடுங்கள். தனி இனத்தின் எல்லையைப் பெரும்பாலும் நேற்றைய மழையும் இன்றைய காடும் தீர்மானிக்கும். குடும்பத்தின் எல்லையில்தான் கண்டங்களின் கைரேகை தெரியும்.

சுத்தம் செய்த வரைபடத்தில் இருப்பதைப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இல்லாததை எழுதி வையுங்கள். மடகாஸ்கரில் குரங்கின் தூரத்துச் சொந்தமான லெமூர்கள் நூறு வகைக்கு மேல் இருக்கின்றன. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆப்பிரிக்காவில் குரங்கு, மான், பூனைக் குடும்பம், யானை எல்லாம் இருந்தும், அந்தத் தீவில் இவற்றில் ஒன்றுகூட இயற்கையாக இல்லை. விசாரணை இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது.

உப்புத் தண்ணீரைத் தாங்குமா?

அடுத்த கேள்வி: இந்த உயிரால் கடலைத் தாண்ட முடியுமா? பறவைக்குச் சிறகு இருக்கிறது. தேங்காய் மிதக்கும். ஓணானும் பல்லியும் தடித்த தோல்காரர்கள், பட்டினி கிடக்கத் தெரிந்தவர்கள். தவளைதான் பாவம். அதன் தோல் வழியே தண்ணீர் எளிதாக வெளியேறும். கடல்நீரில் விட்டால் பெரும்பாலான தவளைகள் பிழைக்காது, முட்டைகள் அதைவிட மோசம்.

அதனால் ஒரு தீவைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, அங்கே சொந்தத் தவளை உண்டா என்பதுதான். நடுக்கடல் தீவுகளில் தவளை இல்லாததை 1859-இலேயே டார்வின் எடுத்துக் காட்டினார். ஹவாய் கடலடி எரிமலைகள் கக்கிய பாறை. எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததே இல்லை. மனிதர் கொண்டு வரும்வரை அங்கே தவளை கிடையாது. இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸின் முக்கியத் தீவுகளோ கருங்கல், அதாவது பழைய கண்டத்தின் உடைந்த துண்டு. அங்கே சொந்தத் தவளைகள் இருக்கின்றன. கால் இல்லாமல் மண்ணுக்குள் புழுப்போல ஊரும், தவளையின் உறவான சிசிலியன்களும் இருக்கின்றன. கடலில் நீந்தி வந்திருக்கவே முடியாத ஒன்று ஒரு தீவில் இருக்கிறது என்றால், அந்தத் தீவே அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கலாம்.

இருக்கலாம், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் சாவோ டோமே என்று ஓர் எரிமலைத் தீவு. கண்டத்தோடு எப்போதும் சேர்ந்திருந்ததில்லை. அங்கே ஒரு மஞ்சள் நிற சிசிலியன் சாவகாசமாக வாழ்கிறது. எப்படியோ மிதந்துதான் வந்திருக்க வேண்டும். தவளைக் கேள்வி நல்ல சல்லடைதான், ஆனாலும் ஒரு கண்ணி அறுந்த சல்லடை.

மிதந்து வருவதென்றால் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நேரடிச் சாட்சி. 1995-இல் கரீபியனில் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வீசின. அக்டோபரில் அங்குவிலா தீவின் கடற்கரையில் வேரோடு பிடுங்கிய மரங்களும் கட்டைகளும் பின்னிய பெரிய தெப்பம் ஒன்று ஒதுங்கியது. அதன்மேலும் கரையிலும் பெரிய ஓணான் போன்ற பச்சை இகுவானாக்கள், குறைந்தது 15. அந்த இனம் அதுவரை அந்தத் தீவில் இருந்ததில்லை. மீனவர்கள் கண்ணால் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் சில பிழைத்திருந்தன.

தண்ணீருக்கு அடியில் பாருங்கள்

வரைபடத்தில் நீல நிறமாகத் தெரிவதெல்லாம் ஒரே கடல் அல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகத் தண்ணீரில் ஒரு பகுதி பனிப்பாறையாக நிலத்தில் உறைந்து நின்றது. கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழம் காட்டும் கடல் வரைபடம் ஒன்றை எடுத்து 120 மீட்டர் கோட்டைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். அதற்குள் வருவதெல்லாம் நேற்றுவரை நடந்துபோன நிலம்.

சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒட்டிக்கொள்ளும். நியூகினி ஆஸ்திரேலியாவோடு சேர்ந்துவிடும். இடையிலுள்ள டோரஸ் நீரிணையில் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லை. மரம் ஏறும் கங்காருகள் இரண்டு பக்கமும் இருப்பதில் அப்போது ஆச்சரியம் எதுவும் இராது.

இப்போது பாலிக்கும் பக்கத்துத் தீவான லொம்பொக்குக்கும் நடுவே பென்சிலை நிறுத்துங்கள். அகலம் சுமார் 35 கிலோமீட்டர்தான். கோடு மட்டும் சேராது. அந்த நீரிணையின் வாசல் 200 மீட்டருக்கும் ஆழம். பனியுகத்திலும் அது வற்றவில்லை. 1856-இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பாலியிலிருந்து லொம்பொக்குக்குக் கடந்தார். பாலியில் குக்குறுவான்களும் மரங்கொத்திகளும். அக்கரையில் வெள்ளைக் காக்கட்டூகள். ஒரே வெயில், ஒரே மழை, பார்த்தால் தெரியும் தூரம். ஆனால் இரண்டும் வேறு வேறு உலகத்தின் கரைகள். கண்டங்கள் நகர்கின்றன என்பது யாருக்கும் தெரியாத காலத்தில், பறவைகளையும் விலங்குகளையும் மட்டும் பார்த்து அவர் எல்லைக்கோடு போட்டார். ஆஸ்திரேலியத் தட்டு, அதாவது அந்தக் கண்டத்தைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகை, வடக்கே நகர்ந்து வந்து ஆசியாவின் அருகில் நிற்பதுதான் காரணம் என்பது நூறாண்டு கழித்து விளங்கியது.

தேதி கேளுங்கள்

இங்கேதான் நான் சறுக்கினேன். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

சில தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாமே தோராயம். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒன்றாக ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கியது 16 கோடி ஆண்டுகளுக்கு முன். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் முழுதாகப் பிரிந்தது 10 கோடி. இந்தியா மடகாஸ்கரை விட்டது 9 கோடி. நியூசிலாந்து கிளம்பியது 8 கோடி. செஷல்ஸ் இந்தியாவிலிருந்து கழன்றது 6.5 கோடி. இந்தியா ஆசியாவில் மோதியது 5 கோடி. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் முற்றிலும் பிரிந்தது 3.5 கோடி. இரண்டு அமெரிக்காக்களையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் மூடியது 30 லட்சம்.

அடுத்து டைம்ட்ரீ என்ற தளத்துக்குப் போய் இரண்டு உயிரினங்களின் பெயரைக் கொடுங்கள். அவற்றின் பொது மூதாதை எத்தனை ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று, பல மரபணு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும். நடுவில் கொட்டையெழுத்தில் வரும் ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். கீழே தரும் வீச்சைப் பாருங்கள். பிறகு சுவரில் இருக்கும் தேதியோடு ஒப்பிடுங்கள். நிலம் பிரிந்த காலமும் உயிர்கள் பிரிந்த காலமும் பொருந்தினால், நிலம்தான் அவற்றைப் பிரித்தது என்று சந்தேகப்படலாம். உயிர்கள் பிரிந்தது நிலம் பிரிந்ததற்கு வெகு பின்னால் என்றால், யாரோ கடலைத் தாண்டியிருக்கிறார்கள்.

பொருந்தும் வழக்கு ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் ஆண்டு முழுக்கப் புதைந்து கிடந்து, மழையோடு சில நாள் மட்டும் வெளியே வந்து இணையும் ஊதாத் தவளை. பன்றி மூக்கும் உப்பிய உடம்புமாக இருக்கும். 2003-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அதன் நெருங்கிய உறவு பக்கத்துக் காட்டில் இல்லை. கடல் தாண்டிச் செஷல்ஸில் இருக்கிறது, நகத்தளவுத் தவளைகளாக. பிரிந்த காலம் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், செஷல்ஸ் கழன்ற காலத்தை ஒட்டியோ அதற்கு முன்போதான் விழுகிறது. சரி, இந்த வழக்கில் நகர்ந்த நிலம்தான் குற்றவாளி.

இனி என் சறுக்கல். நெருப்புக்கோழி ஆப்பிரிக்காவில், ரியா தென் அமெரிக்காவில், ஈமுவும் கசோவரியும் ஆஸ்திரேலியப் பக்கம், கிவி நியூசிலாந்தில், அழிந்துபோன யானைப்பறவை மடகாஸ்கரில். எல்லாமே பறக்காத பறவைகள், எல்லாமே கோண்டுவானாத் துண்டுகள்மேல். கண்டப்பெயர்ச்சிக்கு இதைவிட அழகான சாட்சி உண்டா? பறக்காத ஒரு மூதாதை, கண்டம் உடைந்தது, ஒவ்வொரு துண்டும் ஒரு பறவையைத் தூக்கிக்கொண்டு போனது. அட்டைத் துண்டுகள்மேல் பறவைப் படம் ஒட்டி, ஆண்டாண்டாக இதைத்தான் நடத்திக் காட்டினேன்.

2014-இல் யானைப்பறவை எலும்பிலிருந்து எடுத்த மரபணு ஆய்வு வந்தது. கிவிக்கு மிக நெருங்கிய உறவு பக்கத்து வீட்டு ஈமு இல்லையாம், மடகாஸ்கர் யானைப்பறவையாம். அட்டையை எப்படித் திருப்பி வைத்தாலும் நியூசிலாந்தும் மடகாஸ்கரும் ஒட்டாது. அவை பிரிந்த காலமும் நிலம் பிரிந்ததற்குப் பின்னால். நியூசிலாந்தின் இன்னொரு ராட்சசன் மோவாவுக்கு நெருங்கிய உறவோ தென் அமெரிக்க டினமூ, பறக்கத் தெரிந்த பறவை. ஆக மூதாதைகள் பறந்துதான் பரவின. போய் இறங்கிய இடங்களில் தனித்தனியாகப் பறப்பதை விட்டன. வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "அப்போ போன வருஷத்துக்காரங்க எழுதினதுக்கு மார்க்கைத் திருப்பி வாங்குவீங்களா டீச்சர்?" என்றான். பதில் இல்லை.

லெமூருக்கும் இதே கதைதான். மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கிய 16 கோடி ஆண்டுகளுக்கு முன் குரங்கினமே உலகில் தோன்றவில்லை. லெமூரின் மூதாதை வெகுகாலம் கழித்து, ஏதோ ஒரு தெப்பத்தில் நானூறு கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும். தெப்பத்தில் சின்ன விலங்கு பிழைக்கும், மான் பிழைக்காது. முன்னே பார்த்த அந்த ஓட்டைக்கு விளக்கம் இதுதான்.

தேதி பொருந்தினாலும் ஒரே ஒரு வழக்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பனாமா நல்ல பயிற்சிக் களம். அந்த நிலப்பாலம் கடலை இரண்டாக வெட்டியது. இருபுறமும் ஒரே முகச்சாயலில் இரட்டை இரட்டையாகச் சொடுக்கு இறால்கள் இருக்கின்றன. பசிபிக் பக்க இறாலையும் கரீபியன் பக்க இறாலையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் கொடுக்கைச் சொடுக்கிச் சண்டைதான், முட்டை அரிது. ஆனால் எல்லா இரட்டைகளும் ஒரே நாளில் பிரியவில்லை. ஆழ்நீரில் வாழ்பவை முன்னமே பிரிந்துவிட்டன, கரையோரச் சதுப்பில் வாழ்பவை கடைசியில். நிலம் எழும்போது ஆழமான வழி முதலில் அடைபடும், ஆழமில்லாத வழி கடைசியில். எனக்கு மிகப் பிடித்த சாட்சி இது. கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்பதையே அது வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

செத்தவர்களையும் விசாரியுங்கள்

இன்றைய வரைபடம் கடைசிக் காட்சியின் புகைப்படம் மட்டுமே. ஒட்டகக் குடும்பத்தை எடுங்கள்: ஆசிய, அரேபியப் பாலைவனங்களில் ஒட்டகம், ஆண்டீஸ் மலையில் லாமா. நடுவில் ஒரு பெருங்கடல். உயிரோடு இருப்பவற்றை மட்டும் வைத்து யோசித்தால் எந்தக் கண்டத்தை எப்படி நகர்த்தினாலும் கணக்கு வராது. புதைபடிவங்களைக் கேட்டால் ஒரே நிமிடம். குடும்பத்தின் சொந்த ஊர் வட அமெரிக்கா; ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே தோன்றியது. ஒரு கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குப் போனது; இன்னொன்று பனாமா மூடிய பிறகு தெற்கே இறங்கியது. பிறந்த வீட்டில் மட்டும் பனியுகக் கடைசியில் குடும்பமே அற்றுப்போனது.

ஹம்மிங் பறவைகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். ஆனால் 3 கோடி ஆண்டுப் பழமையான ஹம்மிங் பறவையின் எலும்புக்கூடு ஜெர்மனியில் கிடைத்ததாக 2004-இல் அறிவித்தார்கள். பைப்பாலூட்டி என்றால் ஆஸ்திரேலியா என்று நினைக்கிறோம். தென் அமெரிக்காவில் 'மலையின் குட்டிக் குரங்கு' என்று பொருள்படும் மொனீட்டோ தெல் மோந்தே என்ற பைப்பாலூட்டி, பக்கத்திலிருக்கும் மற்றப் பைப்பாலூட்டிகளான ஓப்பாசம்களைவிடக் கங்காருக்கு நெருங்கிய சொந்தம். நடுவில் பாலம் எது? 1982-இல் அண்டார்டிகாவின் சேமூர் தீவில் பைப்பாலூட்டியின் புதைபடிவம் கிடைத்தது. பனி மூடும் முன் அது காடாக இருந்த நாடு.

எண்ணிக்கை ஏன் ஓரிடத்தில் கூடுகிறது?

யார் எங்கே என்பது ஒரு கேள்வி. எத்தனை என்பது இன்னொன்று. பரப்பு பெரிதானால் இனம் கூடும். தீவுகளில் பழைய கைக்கணக்கு, பரப்பு பத்து மடங்கானால் இனம் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பமண்டலத்தில் துருவத்தைவிட இனம் அதிகம். ஏன் என்பதற்கு விளக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

மலையின் திசையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒரே மாதிரி மிதவெப்பத்தில் மர இனங்களை எண்ணியபோது ஐரோப்பாவில் 124, கிழக்கு வட அமெரிக்காவில் 253, கிழக்கு ஆசியாவில் 729 என்று வந்தது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸும் பிரனீஸும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. பனி வடக்கிலிருந்து இறங்கியபோது தெற்கே ஒதுங்க நினைத்த மரங்களுக்கு முன்னால் மலை, மலைக்கு அப்பால் கடல். மக்னோலியாவும் ஹெம்லாக்கும் ஐரோப்பாவின் சொந்த மரங்களாக இன்று இல்லை, புதைபடிவமாக மட்டும் இருக்கின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை வடக்கு தெற்காக நீள்வதால் மரங்கள் அதை ஒட்டியே இறங்கி, பிறகு ஏறிக்கொண்டன. ஐரோப்பாவின் ஏழ்மைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய காரணம் என்று சொல்வேன்.

கடலில் வளம் கொழிக்கும் மையமே இடம் மாறுகிறது. இன்று பவள இனங்கள் மிக அதிகம் இருப்பது இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் சுற்றிய பவள முக்கோணத்தில், ஐந்நூறுக்கு மேல். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மையம் இன்றைய மத்தியதரைக் கடல் பக்கம் இருந்தது. தட்டுகள் மோதி அங்கே ஆழமில்லாத கடல் மூடியதும், அது அரேபியாவை ஒட்டி நகர்ந்து, ஆஸ்திரேலியத் தட்டு ஆசியாவை நெருங்கிய பிறகு தென்கிழக்கே வந்தது. தட்டுகள் நெருங்கும் இடத்தில் தீவுகளும் திட்டுகளும் வளைகுடாக்களுமாகக் கடல் துண்டுதுண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் இனங்களுக்கு ஒரு தனி அறை.

ஒரு வழக்கை நீங்களே எடுங்கள்

ஃபிஜியில் பச்சை நிற இகுவானாக்கள் இருக்கின்றன. மற்ற இகுவானாக்கள் எல்லாம் அமெரிக்கப் பக்கம், நடுவில் பசிபிக். முதலில் மனிதர் கொண்டுவந்தவையா என்று பாருங்கள்: இல்லை, அந்தப் பக்கத்துத் தீவுகளில் மட்டுமே உள்ள தனிப் பேரினம். கடலைத் தாங்குமா? அங்குவிலாத் தெப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம்? எந்தப் பனியுகத்திலும் அந்தக் கடலை நடந்து கடக்க முடியாது. கோண்டுவானாத் துண்டில் ஏறி வந்திருக்குமோ என்று கைகள் அரிக்கும், எனக்கும் அரித்தது. தேதி கேளுங்கள். 2025-இல் வந்த மரபணு ஆய்வு, ஃபிஜி இகுவானாவின் மிக நெருங்கிய உறவு வட அமெரிக்கப் பாலைவன இகுவானா என்றும், இரண்டும் பிரிந்தது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும் சொன்னது. கோண்டுவானா உடைந்து முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஃபிஜியின் எரிமலைகள் கடலுக்கு மேலே தலைதூக்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். தூரம் 8,000 கிலோமீட்டர். தண்ணீரும் தீனியும் இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் பாலைவனப் பிராணி என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட சில, வேரோடு பெயர்ந்த ஏதோ ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கின்றன.